உள்ளே வீங்கிய உடம்புக்கு வெயிட் ஆகுமா?

பிசியோதெரபிஸ்டான எனக்கு ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம், கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

"வயது 43. உயரம் 152 செ.மீ., எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறேன், மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1. செக்கப்பில் ஹெச்எஸ்-சிஆர்பி 6.8 என்று வந்தது. 'உடம்புக்குள் அழற்சி இருக்கிறது, எடையைக் குறையுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்' என்றார் டாக்டர். பக்கத்துத் தெரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே 100 ஸ்குவாட் போட வைத்தார்கள். மூன்று நாள் படி இறங்க முடியவில்லை, கழிப்பறையில் உட்கார்ந்து எழவே அழுகை வந்தது, வலி மாத்திரை போட்டுச் சமாளித்தேன். அப்போது லேசாகச் சளியும் இருந்தது. பயந்துபோய் நான்காம் நாள் நானே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன், 9.4 என்று வந்தது! 'ஏற்கெனவே உள்ளே வீங்கிக் கிடக்கிற உடம்பு, வெயிட் தூக்கினால் இன்னும் வீங்காதா, கர்ப்பப்பையும் இறங்கிடும், முதலில் நடந்து இளைத்துவிட்டு அப்புறம் போ' என்கிறார் நாத்தனார். டிரெய்னரோ வலித்தால்தான் பலன் என்கிறார், அழற்சி குறைக்கும் பொடி என்று 1,800 ரூபாய்க்கு ஒரு டப்பாவையும் காட்டுகிறார். முட்டி வேறு வலிக்கிறது. கணவர் ஒல்லி, அவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நான் யார் சொல்வதைக் கேட்பது?"

முதலில் அந்த 9.4ஐ எடுத்து ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டாம் தடவைதான் "லேசாகச் சளியும் இருந்தது" என்ற வரி கண்ணில் பட்டது. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி. ஹெச்எஸ்-சிஆர்பி என்பது சிஆர்பியை நுணுக்கமாக அளக்கிற பரிசோதனை. சிஆர்பி என்பது கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம். சளி, பல் ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, காலில் ஒரு சீழ்க்கட்டி என்று உடம்பில் எந்த மூலையில் எது நடந்தாலும் சில மணி நேரத்தில் ஏறும், காரணம் போனதும் இறங்கிவிடும், ரத்தத்தில் இருப்பது பாதியாக ஏறக்குறைய 19 மணி நேரம் போதும். தெருமுனை நாய் மாதிரிதான். திருடன் வந்தாலும் குரைக்கும், தபால்காரர் வந்தாலும் குரைக்கும், யார் வந்தார் என்று அது சொல்லாது. நீங்கள் ஒரே வாரத்தில் சளியையும் வைத்துக்கொண்டு, பழக்கமே இல்லாத தொடைக்கு 100 ஸ்குவாட்டையும் கொடுத்துவிட்டு, நேராக லேபுக்குப் போயிருக்கிறீர்கள். ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த எண்ணைப் படிக்கிற முறை ஒன்று உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று 2003இலேயே அமெரிக்க இதயச் சங்கம் பிரித்து வைத்தது. கூடவே, நோய்நொடி இல்லாத நாளில், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பாருங்கள், 10ஐத் தாண்டினால் வேறு தொற்று இருக்கிறதா என்று தேடுங்கள் என்றும் சொன்னது. இந்த இரண்டாம் பாதியை லேப் ரிப்போர்ட்டில் யாரும் அச்சடிப்பதில்லை. அதனால் முதலில் வந்த 6.8ஐ நம்பலாம், அன்றைக்கு உங்களுக்கு உடம்பு சுகமாக இருந்திருந்தால். அதுவும் உறுதி செய்யப்பட வேண்டிய எண்தான்.

சரி, அந்த 6.8 எங்கிருந்து வருகிறது?

நாத்தனார் சொல்கிற "உள்ளே வீங்கிக் கிடக்கிற உடம்பு" என்பது மோசமான வர்ணனை இல்லை, நானே இனி அதை என் கிளினிக்கில் பயன்படுத்தலாம் என்றிருக்கிறேன். கொழுப்பை நாம் சும்மா கிடக்கிற கிடங்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். 1993இல் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் சுரப்பதையும், அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதையும் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். பத்து வருடம் கழித்து, 2003இல், அந்தத் திசுவுக்குள் வெள்ளையணு வகையைச் சேர்ந்த மேக்ரோஃபேஜ்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பது தெரிந்தது. நடப்பது இதுதான்: வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புச் செல்கள் கொள்ளளவுக்கு மேல் உப்புகின்றன, அந்த அளவுக்கு ரத்தக் குழாய்கள் வளர்ந்து ஆக்சிஜன் கொடுக்க முடிவதில்லை, சில செல்கள் சாகின்றன, செத்ததை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ்கள் வந்து சுற்றி உட்கார்ந்துகொள்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செத்த செல்லுக்குக் கிரீடம் வைத்த மாதிரி இருக்கும். அவை சும்மா உட்காருவதில்லை, டிஎன்எஃப், ஐஎல்-6 என்று ரசாயனங்களை விட்டுக்கொண்டே இருக்கின்றன, அது கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் சிஆர்பியை ஏற்றுகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிவப்பு இல்லை. நீறு பூத்த நெருப்பு. இது வருடக்கணக்கில் கனன்றுகொண்டே இருப்பதுதான் சர்க்கரைக்கும் இதய அடைப்புக்கும் வழி போடுகிறது, சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிற உங்கள் 6.1இலும் இதற்குப் பங்கு இருக்கலாம்.

ஸ்குவாட் போட்ட மறுநாள் தொடையில் வந்தது இந்த நெருப்பு இல்லை, அது வேறு. பழகாத வேலையில், முக்கியமாக உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே கீழே இறங்கும்போது, தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, அதைச் சரிசெய்ய அதே வெள்ளையணுக்கள் வருகின்றன, ஒன்று முதல் மூன்று நாள் வலி உச்சத்தில் இருக்கும், பிறகு வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். (லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று டிரெய்னர் சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள், அது பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது.) அடுத்த முறை அதே வேலையைச் செய்தால் சேதம் வெகுவாகக் குறையும், உடம்பு கற்றுக்கொண்டுவிடும். வீட்டில் கொத்தனார் வந்து ஒரு வாரம் தூசி கிளப்புவதும், சுவருக்குள் வருடக்கணக்கில் ஓதம் ஏறுவதும் ஒன்றா? இரண்டிலும் சுவர் கெட்டுப்போன மாதிரித்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், எனக்கே இன்றும் வியப்பாக இருப்பது. கொழுப்பிலிருந்து கெடுதலாக வருகிற அதே ஐஎல்-6, தசை வேலை செய்யும்போது தசையிலிருந்தும் வருகிறது. கோபன்ஹேகனில் பென்டே கிளார்லுண்ட் பீடர்சன் என்ற பெண் மருத்துவரின் குழு 2000ஆம் ஆண்டு வாக்கில் இதைக் காட்டியபோது, இதென்ன கூத்து என்றுதான் பலருக்கும் இருந்தது. ஆனால் தசையிலிருந்து வருவது அலை மாதிரி ஏறிச் சில மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது, வடியும்போது ஐஎல்-10 போன்ற, அழற்சியை அடக்குகிற பொருட்களைக் கூப்பிட்டுவிட்டுப் போகிறது. அதே ஊரில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஐஎல்-6ஐத் தடுக்கிற மருந்தை, முடக்குவாதத்துக்குக் கொடுப்பார்களே அந்த டோசிலிசுமாப்பை, கொடுத்தார்கள். மருந்து இல்லாமல் மிதித்தவர்களுக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறைந்தது, மருந்து எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. ஆகவே "அழற்சிப் பொருள்" என்று பெயர் வாங்கிய ஒன்று எங்கிருந்து, எவ்வளவு நேரத்துக்கு வருகிறது என்பதுதான் கணக்கு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை இணையத்தில் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். இந்தத் தசை அலை நீண்ட நேரம் மிதிப்பது, ஓடுவது போன்றவற்றில்தான் பெரிதாக எழும், 30 நிமிட வெயிட் பயிற்சியில் சிறிதாகத்தான். வெயிட் தூக்கினால் சிஆர்பி குறைகிறதா என்று செய்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், உட்கார்ந்தே வாழ்ந்த 102 பேரில் 10 வாரம் எடைப்பயிற்சி செய்தவர்களுக்குச் சிஆர்பி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஐஎல்-6 அசையவே இல்லை. வேறு சிலவற்றில் சிஆர்பியே அசையவில்லை. சிஆர்பியை நிச்சயமாக இறக்குவது எடைக் குறைப்புதான்: பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஒரு கிலோ குறைந்தால் 0.13 மில்லிகிராம் இறங்குகிறது. நீங்கள் 8 கிலோ குறைத்தால் ஏறக்குறைய 1 குறையும், அவ்வளவுதான், மாயம் ஒன்றும் இல்லை. ஆகவே "வெயிட் தூக்குங்கள், ஆறு மாதத்தில் 6.8 இரண்டாகிவிடும்" என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பிறகு ஏன் தூக்கச் சொல்கிறேன்?

ஏனென்றால் "முதலில் இளைத்துவிட்டு அப்புறம் போ" என்ற அறிவுரையின் பலனை நான் பார்த்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன், வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்களில் நானும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன். பாதிப் பேர் திரும்பி வரவில்லை. வந்தவர்களில் ஒரு அம்மா ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு, காலை மாலை நடந்து, 11 கிலோ குறைத்துக்கொண்டு பெருமையாக வந்தார். கை வைக்காத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள் என்றேன். முன்னே ஒரு முறை, இரண்டு முறை ஆடினார். எழவில்லை. மூன்றாம் முறை தொடையில் கையூன்றி எழுந்தார், திரும்ப உட்காரும்போது கடைசி ஒரு சாண் தூரம் அவர் கட்டுப்பாட்டில் இல்லை, தொப்பென்று விழுந்தார், நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்டது. 11 கிலோவில் கொழுப்பு மட்டும் போகவில்லை, தொடையும் சேர்ந்தே போயிருந்தது.

பட்டினியால் மட்டும் எடை குறைத்தால் குறைவதில் கால்பங்கு அளவுக்குத் தசை முதலான கொழுப்பல்லாத திசு போவது சாதாரணம். 2017இல் அமெரிக்காவில், 65 வயதைத் தாண்டிய, பருமனான 160 பேரை வைத்துப் பார்த்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டுடன் பயிற்சி செய்த மூன்று குழுவிலும் எடை 9 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. நடை, சைக்கிள் என்று மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள், வெயிட் மட்டும் தூக்கியவர்கள் 2, இரண்டையும் செய்தவர்கள் 3. எழுந்து நடமாடுகிற திறன் அதிகம் கூடியது இரண்டையும் செய்தவர்களுக்கு. சாப்பிட்ட பிறகு இன்சுலின் தள்ளுகிற சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேருகிற இடம் தசைதான். 6.1இல் நிற்கிற ஒருவர் அந்த இடத்தைச் சுருக்கிக்கொண்டு இளைப்பது, கடனை அடைக்கக் கடையை விற்பது மாதிரி. இப்போது எடை குறைக்கிற ஊசிகள் வந்துவிட்டன, ஈரோட்டிலும் போடுகிறார்கள், போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான், இன்னும் அழுத்தமாக.

நடையை விட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான நடை போன்ற பயிற்சியும், அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் சொல்கிறது. "அதோடு" என்ற சொல்லைத்தான் நம் ஊரில் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

இனி எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம். அந்த டிரெய்னர் செய்தது தப்பு, 84 கிலோ எடையுள்ள, பயிற்சியே செய்யாத ஒருவருக்கு 100 ஸ்குவாட் என்பது தன் உடம்பின் பாரத்தையே 100 முறை இறக்கி ஏற்றுவது, அவருக்கு அது தோன்றவில்லை. இந்த மாதிரி நாட்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வலி மூன்று நாளுக்கு மேல் கூடிக்கொண்டே போகிறது, தசை கல்லாக வீங்குகிறது, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போகிறது என்றால் வீட்டில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உங்களுக்கு அப்படி ஆகவில்லை, நல்லவேளை.

சுவரை ஒட்டி ஒரு நாற்காலியைப் போடுங்கள், உயரம் போதாவிட்டால் மேலே ஒரு தலையணை. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, மூக்கைக் கொஞ்சம் முன்னே நீட்டி, எழும்போது மூச்சை வெளியே விட்டு எழுங்கள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே உட்காருங்கள், தொப்பென்று விழக் கூடாது, அந்த இறக்கத்திலும் பலன் இருக்கிறது. எட்டு முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு, முதல் இரண்டு வாரத்துக்கு அது போதும். அப்புறம் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கட்டிலில் மல்லாந்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, மஞ்சப்பையில் இரண்டு கிலோ அரிசி பாக்கெட்டைப் போட்டு, ஒரு கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து மறு கையால் பையை இடுப்புவரை இழுப்பது. இந்த நான்கும் சேர்ந்தால் உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் வந்துவிடும், 25 நிமிடம்கூட ஆகாது. வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. ஒவ்வொரு சுற்றையும் நிறுத்தும்போது "இன்னும் இரண்டு மூன்று முடியும்" என்ற நிலையில் நிறுத்துங்கள். அதைவிடச் சுலபமாகிவிட்டால் தலையணையை எடுங்கள், பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள், பிறகு அரிசியைக் கூட்டுங்கள். இரண்டு மாதத்தில் அதே ஜிம்முக்குத் திரும்பலாம், அப்போது மெஷினில் எந்த எடை வைப்பது என்பதை நீங்கள் சொல்வீர்கள்.

மறுநாள் லேசாகப் பிடித்த மாதிரி இருந்தால் சரி. வலித்தால்தான் பலன் என்பது தப்பு, வலி என்பது பழகாததன் அடையாளம், அவ்வளவுதான். படி இறங்க முடியாத அளவு வலித்தால் பாதியாகக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

முட்டிக்கும் இதுதான் வைத்தியம். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று நான்கு என்ற அளவில் வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம், முட்டி வீங்கினாலோ இரவு தூங்க முடியாமல் வலித்தாலோ உயரத்தைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைத்து, ஒருமுறை நேரில் காட்டுங்கள். தேய்மானம் உள்ள முட்டிக்குப் பயிற்சியால் வலி குறைகிறது என்பதில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இப்போது சந்தேகம் இல்லை.

வலி மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும், நான் பிசியோதெரபிஸ்ட், மாத்திரை எழுதுகிறவள் இல்லை, ஆனால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. கடையில் கேட்டதும் கொடுக்கிற இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம். அதற்கு மேல், 2018இல் ஸ்வீடனில், இளைஞர்களுக்கு 8 வாரம் தினமும் 1,200 மில்லிகிராம் இபுப்ரோஃபென் கொடுத்து வெயிட் பயிற்சி செய்ய வைத்தபோது, குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தொடைத்தசை வளர்ச்சி ஏறக்குறைய பாதிதான் இருந்தது. தசையைச் சரிசெய்ய வருகிறவர்களையே வாசலில் தடுத்த மாதிரி. ஒரு நாள் ஒரு மாத்திரை போட்டதற்குக் கலங்காதீர்கள், பழக்கமாக்காதீர்கள்.

கர்ப்பப்பை விஷயம். நாத்தனார் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன், மூச்சை அடக்கி முக்கிக்கொண்டு பெரிய பாரம் தூக்குவது இடுப்புத்தளத் தசைகளுக்கு நல்லதில்லைதான். ஆனால் நாள் முழுக்கத் தொப்பையின் பாரமும், மலச்சிக்கலில் முக்குவதும், தீராத இருமலும் அதே தசைகளைத்தான் கீழே அழுத்துகின்றன, அவற்றுக்கு யாரும் பயப்படுவதில்லை. எழும்போது, இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், பிரஷர் உள்ளவர்களுக்கும் இது கட்டாயம். அடிவயிற்றில் ஏதோ இறங்குகிற மாதிரி கனம், கழுவும்போது கைக்குச் சதை தட்டுப்படுவது, இருமினால் சிறுநீர் கசிவது, இதில் ஏதாவது ஏற்கெனவே இருந்தால் மட்டும் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிரஷர் 180க்கு 110 என்ற கணக்கில் இருக்கிற நாளில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், படியேறினால் வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருந்தாலும் முதலில் டாக்டர், பிறகுதான் அரிசிப் பை.

1,800 ரூபாய் பொடி வேண்டாம். அந்தப் பணத்தில் முட்டையும் பயறும் வாங்குங்கள். காலையில் இட்லி, மதியம் சோறும் ரசமும், ராத்திரி தோசை என்று எழுதியிருந்தீர்கள், அதில் தசை கட்டுவதற்கான சாமான் ரொம்பக் குறைவு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்வது உங்கள் பக்கத்தில் இன்னும் புழக்கத்தில் இருக்கும். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது, ஆனால் 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம், அதற்காகவே வாரம் மூன்று நாள் கொள்ளுப் பருப்பு கடையலாம். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பருப்பை ஒரு கரண்டி கூட்டுவதில் தொடங்குங்கள். மஞ்சள் பால் குடிக்கிறீர்களா, குடியுங்கள், அதை நம்பிப் பயிற்சியை விடாதீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. அவர் ஒல்லி, தொல்லை இல்லை என்பதை அளவு நாடா சொல்லட்டும். 2004இல் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று எடுத்த படம் ஒன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தை வைத்து எடையைப் பார்க்கிற கணக்கு, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. நம் ஊர் ஒல்லிகள் பலரும் உள்ளே அவ்வளவு ஒல்லி இல்லை. இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்பது கணக்கு. அவர் எவ்வளவு என்று பாருங்கள், உங்களோடு சேர்ந்து அவரும் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம், கெட்டுப்போகாது.

லேபுக்கு மாதாமாதம் ஓட வேண்டாம். மூன்று மாதம் கழித்து, சளி காய்ச்சல் இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து, அதற்கு முன் மூன்று நான்கு நாள் வெயிட் பயிற்சிக்கு விடுமுறை விட்டு, சிஆர்பியையும் சர்க்கரைச் சராசரியையும் எடுங்கள், டாக்டரிடமே காட்டுங்கள். அப்போதும் 3க்கு மேலேயே நின்றால் பயிற்சியைக் குறை சொல்லாமல், ஈறு, குறட்டை, தூக்கம், மாத்திரைகள் என்று மற்றதையும் அவர் பார்ப்பார், கருத்தடை மாத்திரைகூடச் சிஆர்பியை ஏற்றும். அதுவரை உங்களுக்கான மீட்டர் இரண்டுதான். ஒன்று தொப்புள் மட்டத்தில் அளவு நாடா, மாதம் ஒருமுறை. இன்னொன்று அந்த நாற்காலி: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று இன்றைக்கே எண்ணி, காலண்டரில் குறித்து வையுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கே 12க்குக் கீழே வந்தால் குறைவு என்பார்கள், உங்களுக்கு 43தான், ஆகவே ஒன்பது வந்தால் குறைவுதான். அதற்காக அழ வேண்டாம், ஆனால் ஒன்பதிலேயே இருந்துவிடவும் கூடாது.

கடிதத்தின் கடைசியில், நாத்தனாரும் தரையிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அவர் வீட்டுக்கு வரும்போது காபி கொடுத்து அதே நாற்காலியில் உட்கார வையுங்கள். அவருக்கு எத்தனை வருகிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.